விசையா, மவுஸா? கடைக் கணனியில் கரைந்து போகும் நேரம்

யாழ்ப்பாண நகரில் இரும்புக் கடை நடத்துபவர்களிடம் நாளின் முக்கியமான நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள். காலை ஏழரை முதல் ஒன்பது மணி வரை என்பார்கள். மேசன்மாரும் தச்சுவேலைக்காரரும் குழாய் பொருத்துபவர்களும் வேலைத்தலத்துக்குப் போகும் வழியில் கடைக்கு வருவது அந்த நேரத்தில்தான். வாசலில் லான்ட்மாஸ்டரும் ஓட்டோவும் வரிசையாக நிற்கும். ஒருவருக்கு இரண்டு பை சீமெந்து, இன்னொருவருக்கு அரைக் கிலோ ஆணி, மற்றவருக்கு முக்கால் அங்குலக் குழாய் நான்கு. எவருக்கும் காத்திருக்க நேரமில்லை. அன்றைய கூலி ஓடிக்கொண்டிருக்கிறது. பில் தாமதமானால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பத்திக்குத் தெரிந்த ஒரு ஹாஜியாரின் கடையில் நடந்தது இது. பல வருடங்களாக அங்கே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு பழைய கணக்கு மென்பொருள் இருந்தது. பார்க்க அழகில்லை. மவுஸ் தேவையுமில்லை. பிறகு மகன் ஒரு புதிய மென்பொருளை வாங்கினார். வண்ணப் படங்கள், பெரிய பொத்தான்கள், எதைத் தொட்டாலும் விரியும் மெனுக்கள். முதல் வாரமே காலை நேர வரிசை வீதி வரை நீண்டது.

ஹாஜியார் சொன்னார்: "புதுசு வாங்கினதும் கடை மெதுவாப் போச்சு தம்பி. பழசில பொடியன் சனத்தின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டே பில் போடுவான். இப்ப திரையை மட்டும்தான் பார்க்கிறான்."

பணத்தைக் கொடுத்துத் தாமதத்தை வாங்கிய இந்தக் கதை ஒரு கடையோடு முடிவதில்லை. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமாக உயர்ந்து, வரிக்குப் பதிய வேண்டிய வருடப் புரள்வின் வரம்பும் குறைக்கப்பட்ட பின்னர், கணக்கைக் கணனிக்கு மாற்ற வேண்டிய நிலைக்குப் பல நடுத்தர வியாபாரிகள் வந்திருக்கிறார்கள். மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், திரையின் அழகைப் பார்க்கிறோம். காசாளரின் கை எங்கே எங்கே போய்வர வேண்டியிருக்கும் என்பதைப் பார்ப்பதில்லை. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஒரு பில்லுக்கு எத்தனை விநாடி?

கணனிக்குக் கட்டளை கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மவுஸைப் பிடித்து அம்புக்குறியை நகர்த்தி, மெனுவைத் திறந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது. மற்றது, ஷோர்ட்கட் கீ என்று சொல்லப்படும் குறுக்கு விசைகள். கன்ட்ரோல் விசையோடு எஸ் எழுத்தை அழுத்தினால் சேமிப்பு, பி எழுத்தை அழுத்தினால் அச்சு என்பது போல.

இவற்றில் எது வேகமானது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட் கார்ட், தோமஸ் மொரான், அலன் நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980 இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். கணனி முன் அமர்ந்திருப்பவரின் ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு நேரம் செல்கிறது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்த ஒருவர் ஒரு விசையை அழுத்த 0.2 விநாடி. திரையில் ஓர் இடத்தை மவுஸால் சுட்டிக்காட்ட 1.1 விநாடி. விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கோ, மவுஸிலிருந்து விசைப்பலகைக்கோ கையை மாற்ற 0.4 விநாடி.

இதை நமது கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். கை மவுஸுக்குப் போக 0.4, மெனுவைச் சுட்ட 1.1, அழுத்த 0.2, உள்ளே இருக்கும் வரியைச் சுட்ட 1.1, அழுத்த 0.2, கை திரும்பி விசைப்பலகைக்கு வர 0.4. மொத்தம் 3.4 விநாடி. அதே கட்டளைக்கு இரண்டு விசைகளை அழுத்துவதென்றால் 0.4 விநாடி. வித்தியாசம் 3 விநாடி.

மூன்று விநாடி ஒரு பெரிய விடயமா என்று கேட்கலாம். ஒரு பில் போட ஆறு கட்டளைகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். புதிய பில், வாடிக்கையாளர் தெரிவு, பொருள் தெரிவு, கழிவு, சேமிப்பு, அச்சு. ஆறு தடவை மூன்று விநாடி என்றால் 18 விநாடி. நாளொன்றுக்கு நூறு பில் போடும் கடையில் அது அரை மணித்தியாலம். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் 150 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் பதினெட்டு நாளுக்கும் அதிகமான சம்பளம், கை அங்குமிங்கும் போய்வருவதற்கே செலவாகிறது.

அதைவிட முக்கியமானது வரிசை. பத்துப் பேர் நிற்கும் வரிசையில் பத்தாவது ஆள் தனது பில்லைப் பெற மூன்று நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். அவர் மேசனாக இருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் கடையை விட்டுப் போய்விடுவார்.

மகனிடம் மென்பொருள் கேட்ட வியாபாரி

விசைகளை மையமாக வைத்து எழுதப்பட்ட வியாபார மென்பொருள்களில் நமக்கு அருகில் பிறந்தது இந்தியாவின் டேலி. அதன் தொடக்கமே ஒரு வியாபாரியின் தேவைதான். ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு இயந்திர உதிரிப்பாகங்களும் மூலப்பொருள்களும் விற்றுவந்தவர். தமது கணக்குகளைப் பார்க்கப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை ஒன்றை எழுதச் சொன்னார். 1986 இல் பெங்களூரில் அந்த நிறுவனம் ஆரம்பமானது. 2020 இல் பரத் கோயங்காவுக்கு இந்திய அரசின் பத்மஶ்ரீ விருது கிடைத்தது.

டேலியில் கணக்குப் பதிந்தவர்களுக்கு எப் 4 முதல் எப் 9 வரையான ஆறு விசைகள் விரல்களிலேயே இருக்கும். எப் 4 எதிர்ப்பதிவு, எப் 5 கொடுப்பனவு, எப் 6 பெறுவனவு, எப் 7 நாட்குறிப்பு, எப் 8 விற்பனை, எப் 9 கொள்வனவு. பதிந்து முடிந்ததும் கன்ட்ரோலும் ஏ எழுத்தும். ஒரு விற்பனையைப் பதியும் நடுவில் புதிய வாடிக்கையாளர் வந்தால், போட்ட பதிவை விட்டு வெளியேறத் தேவையில்லை. ஆல்ட் விசையோடு சி எழுத்தை அழுத்தி அங்கேயே புதிய கணக்கைத் திறந்துகொள்ளலாம்.

ஒரு கணக்குப்பிள்ளை நாள் முழுவதும் செய்யும் வேலைகள் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதை ஒரு வியாபாரக் குடும்பம் அறிந்திருந்தது. அதனால் அந்த ஆறையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய பாடம். எந்த மென்பொருளாக இருந்தாலும், உங்கள் கடையில் ஒரு நாளில் ஐம்பது தடவை நடக்கும் வேலை எது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அந்த வேலைக்கு ஒரு விசை இருக்க வேண்டும்.

எனினும் டேலியை முதன்முதல் திறந்தவர்கள் திகைத்ததும் உண்டு. எந்த விசை எதற்கு என்று சொல்லித்தர ஒருவர் பக்கத்தில் வேண்டும். 2020 நவம்பரில் வந்த டேலி பிரைம் பதிப்பில் அந்த நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. பழைய விசைகளில் முக்கியமானவற்றை வைத்துக்கொண்டே, ஆல்ட்டும் ஜி எழுத்தும் அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி வருமாறு செய்தார்கள். வேண்டியதன் பெயரைத் தட்டினால் அந்த இடத்துக்குப் போகலாம். விசைக்குப் பழகியவரையும் புதியவரையும் ஒரே திரையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விசைகளுக்குப் பெயர்போன நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

மவுஸின் பக்கத்து நியாயம்

இதுவரை படித்தவர்கள் மவுஸைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். மறுதரப்பையும் கேட்போம்.

அப்பிள் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றிய புரூஸ் டொக்னாசினி 1989 இல் ஒரு கருத்தை எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். விசைகளே வேகமானவை என்று பயனாளர்கள் சொல்கிறார்கள், ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் மவுஸே வேகமாக இருக்கிறது என்பது அவர் வாதம். காரணமும் சொன்னார். எந்த விசை என்று நினைவில் தேட ஏறத்தாழ இரண்டு விநாடி செல்கிறது. மனம் அந்தத் தேடலில் மூழ்கியிருப்பதால் நேரம் போவது தெரிவதில்லை. மவுஸை நகர்த்தும்போது மனம் சும்மா இருப்பதால் நேரம் நீண்டதாகத் தோன்றுகிறது.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது நினைவில் தேட வேண்டிய விசைகளுக்குப் பொருந்தும் உண்மை. வருடத்தில் இரண்டு தடவை எடுக்கும் அறிக்கைக்கு விசையை யோசித்துக்கொண்டிருப்பதை விட மெனுவைத் திறப்பது வேகம். நாளுக்கு நூறு தடவை அழுத்தும் விசையை யாரும் நினைவில் தேடுவதில்லை. கையே போய் அழுத்திவிடும். தையல் கடைக்காரர் மிதிகட்டையைத் தேடிக் காலை வைப்பதில்லை அல்லவா?

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் அனுபவமுள்ள 251 பேரிடம் அவர்கள் எந்த வழியில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். அடிக்கடி செய்யும் வேலைகளுக்குக் கூடப் பெரும்பாலானவர்கள் குறுக்கு விசைகளைப் பயன்படுத்தாமல் படச் சின்னங்களை அழுத்திக்கொண்டிருந்தார்கள். நேரத்தை அளந்தபோது விசைகள் முதலிடத்திலும், படச் சின்னங்கள் அடுத்ததாகவும், மெனு கடைசியிலும் வந்தன. வருடக்கணக்காக வேலை செய்தும் வேகமான வழிக்கு அவர்கள் மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஏன் மாறவில்லை? ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் கரோல், மேரி பெத் ரொஸன் ஆகியோர் 1987 இல் இதற்கு விளக்கம் தந்திருந்தார்கள். வேலையில் இருப்பவர் வேலையை முடிக்கவே பார்ப்பார், கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்க மாட்டார். கற்றால் நேரம் மிச்சப்படும் என்று தெரிந்தாலும் இன்றைய வேலையே அவருக்குப் பெரிது. கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எந்தப் பொடியன் புதிய விசையைக் கற்றுக்கொள்ளப் போகிறான்? கற்பதற்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

இரண்டும் ஒன்றாகவே பிறந்தவை

மவுஸ் வந்த வரலாற்றைப் பார்த்தால் இந்தச் சண்டையே தேவையற்றது என்பது விளங்கும். அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பாட் 1960களின் நடுப்பகுதியில் மரப்பெட்டிக்குள் முதலாவது மவுஸை உருவாக்குவித்தார். 1968 டிசம்பர் 9 இல் சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பகிரங்கமாகக் காட்டியபோது அவரது வலக்கை மவுஸில் இருந்தது. இடக்கை சும்மா இருக்கவில்லை. ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறிய கருவியில் அது கட்டளைகளை அழுத்திக்கொண்டிருந்தது. உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து விசைகளை மறந்துவிட்டது.

வெட்டுதல், பிரதி எடுத்தல், ஒட்டுதல் என்ற முறையை ஆக்கியவர்களில் ஒருவரான லரி டெஸ்லர் பின்னர் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983 இல் வெளிவந்த லிசா கணனியில் அந்தக் கட்டளைகளுக்கும் செய்த பிழையை மீட்பதற்கும் இஸட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகள் கொடுக்கப்பட்டன. இந்நான்கும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடது ஓரத்தில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள். இடக்கை அழுத்தும்போது வலக்கை மவுஸிலேயே இருக்கலாம். இன்று விண்டோஸிலும் அதே நான்கு எழுத்துகள்தான்.

1987 இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருள்களுக்கு ஒரு பொது ஒழுங்குமுறையை வகுத்தது. மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே அதன் விசையையும் எழுதிவைக்கும் வழக்கம் இத்தகைய ஒழுங்குமுறைகளால் வேரூன்றியது. அதாவது மெனு ஒரு வாத்தியார். இன்று மவுஸால் அதைத் திறப்பவர், நாளை அதன் அருகில் எழுதப்பட்ட விசையைப் பழகிக்கொள்வார். பெரிய கடைப் பக்கம் புதிதாக வருபவர் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வீதி வழியே நடப்பார். அங்கேயே வளர்ந்தவர் ஒழுங்கைக்குள்ளால் புகுந்து வந்துவிடுவார். ஒழுங்கை தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக யாரும் பெயர்ப்பலகையைக் கழற்றுவதில்லை.

நமது மண்ணில் விசைப்பலகை

விசைகளை விரலுக்கு ஏற்றபடி அடுக்கும் கலையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா சுண்டிக்குளியைச் சேர்ந்தவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் பார்த்தவர். 247 எழுத்துகளை ஒரு சிறிய பொறிக்குள் எப்படி அடக்குவது என்பது அவருக்கு இருந்த சவால். எழுத்துகளையும் குறிகளையும் பிரித்து அடுக்கி அதைச் சாதித்தார். அவரது பொறிகள் ஜேர்மனியில் தயாரிக்கப்பட்டன.

இன்றைய கடைகளுக்கு இது சார்ந்த ஒரு நடைமுறைப் பிரச்சினை இருக்கிறது. பொருள்களின் பெயரைத் தமிழில் வைத்திருக்கும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டியவர்கள். பாமினியில் தட்டினால் கணனிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. திரையில் மட்டுமே தமிழாகத் தெரியும். புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது பெயர்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். யுனிகோட் தமிழில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு எளிய தீர்வு இலக்கம். அதிகம் விற்கும் நூறு பொருள்களுக்கு மூன்று இலக்கக் குறியீடு கொடுத்துவிடுங்கள். எந்த மொழியில் இருந்தாலும் விசைப்பலகையின் வலது பக்கத்து இலக்கத் தொகுதி மாறாது. பணம் எண்ணும் விரல்களுக்கு இலக்கம் இயல்பாகவே வரும். அந்த இலக்கத் தொகுதி இல்லாத மடிக்கணனியைக் காசாளர் மேசைக்கு வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் தனியாக ஓர் இலக்க விசைப்பலகையைச் செருகிக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை.

பார்கோட் வாசிப்பான் வாங்கியவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வாசிப்பான்கள் கணனியின் பார்வையில் ஒரு விசைப்பலகைதான். கோடுகளை வாசித்து, அந்த இலக்கங்களைத் தட்டி, இறுதியில் என்டர் விசையையும் அழுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் முன்னர் ஒரு கட்டத்தை மவுஸால் தொட்டால்தான் வாசிக்கும் என்று ஒரு மென்பொருள் அடம்பிடித்தால், வாசிப்பானுக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் கைவசம் இருப்பது சில நிமிடங்களே. அந்தப் பதற்றத்தில் கன்ட்ரோலும் எஸ் எழுத்தும் தானாக அழுத்தும் கை இருந்தால் எக்செல் தாளில் பதிந்த அன்றைய கணக்கு தப்பும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மென்பொருள் விற்க வருபவரிடம் பின்வருவனவற்றைக் கேளுங்கள். அவர் சொல்வதோடு விட்டுவிடாமல் உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

1. மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு பில்லைத் தொடக்கத்திலிருந்து அச்சு வரை போட முடியுமா? இந்த ஒரு கேள்வியே பல உண்மைகளை வெளிக்கொண்டுவரும்.

2. மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் அருகே அதன் விசை எழுதப்பட்டிருக்கிறதா?

3. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு என்டர் விசையால் போக முடியுமா? நீங்கள் பில் எழுதும் ஒழுங்கிலேயே போகிறதா?

4. அழித்தல், விலை மாற்றுதல், பழைய திகதியில் பதிதல் ஆகியவற்றுக்குக் கடவுச்சொல் வைக்க முடியுமா? வேகமான விசை தவறான இடத்திலும் வேகமாகவே வேலை செய்யும். ஒரே அழுத்தில் ஒரு பதிவு அழியக்கூடாது. திரும்பக் கேட்க வேண்டும்.

5. விசைகளின் பட்டியல் அச்சிட்டுத் தரப்படுமா? ஊழியர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி?

எக்செல் மட்டும் பாவிப்பவர்களுக்கும் சில விசைகள் பெரிதும் உதவும். கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் அழுத்தினால் இன்றைய திகதி. ஆல்ட்டும் சமன் குறியும் அழுத்தினால் மேலே உள்ள தொகைகளின் கூட்டல். எப் 2 கட்டத்துக்குள் போய்த் திருத்த. கன்ட்ரோலும் கீழ் அம்பும் பட்டியலின் அடிக்குப் போக. கன்ட்ரோலும் எப் எழுத்தும் தேட. கன்ட்ரோலும் இஸட் எழுத்தும் செய்த பிழையை மீட்க. இந்த ஆறும் போதும், பாதி வேலை குறையும்.

கற்பிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று விசை போதும். கடை ஓய்ந்திருக்கும் மத்தியான நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரத்து மூன்றையும் ஒரு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். கைக்கு வந்ததும் துண்டை மாற்றுங்கள்.

பொடியன் போன பிறகு

மீண்டும் ஹாஜியாரின் கடைக்கு வருவோம். மென்பொருளை விற்றவர்களின் ஆள் ஒருவரை மகன் வரவழைத்தார். வந்தவர் மெனுவைத் திறந்து காட்டியபோதுதான் தெரிந்தது, பில் போடுவதற்கு வேண்டிய விசைகள் எல்லாம் அதிலும் இருந்தன. எவரும் சொல்லித் தரவில்லை, எவரும் கேட்கவுமில்லை. இரண்டு வாரத்தில் காலை வரிசை பழைய நீளத்துக்கு வந்தது. பொடியன் மறுபடியும் சனத்தின் முகத்தைப் பார்த்தே பில் போட்டான்.

சில மாதங்களில் அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. போய்விட்டான். அவனுடைய வேகமும் அவனோடு போய்விட்டது. பழைய கறுப்புத் திரை மென்பொருளாக இருந்திருந்தால் அன்று கடை நின்றிருக்கும். ஏனென்றால் அதன் விசைகள் அவன் விரலில் மட்டுமே இருந்தன. எங்கும் எழுதியிருக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளை முதல் நாளே மெனுவைத் திறந்து, தட்டுத்தடுமாறியாவது பில் போட்டார். பிறகு துண்டில் எழுதியிருந்த விசைகளை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார்.

ஹாஜியார் 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். வாப்பா காலத்துக் கடன் கொப்பிகளை எடுக்க முடியவில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவர் நினைவில் இருந்தது மட்டுமே. பல வருடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து கடை திறந்தபோது, பழைய வாடிக்கையாளர் சிலர் தேடி வந்து தாங்கள் தர வேண்டியதைச் சொல்லித் தந்தார்கள். மற்றவற்றுக்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

"நினைவில இருந்தா வேலை கெதியா நடக்கும். ஆனா நினைவை மட்டும் நம்பிக் கடை நடத்தேலாது. அதை நான் அனுபவிச்சுப் படிச்சவன்" என்றார் அவர்.

விசையும் மவுஸும் பற்றிய விவாதத்தின் முடிவும் இதுதான். நாளாந்த வேலைக்கு விசைகளைப் பழகிக்கொள்ளுங்கள், அதில் வரும் நேரம் உங்கள் வாடிக்கையாளருக்குச் சேரட்டும். எப்போதாவது செய்யும் வேலைக்கும் புதிதாக வரும் ஊழியருக்கும் மெனு திறந்திருக்கட்டும். நாளைக் காலை கடை திறந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். காசாளருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்று, அவருடைய கை எத்தனை தடவை மவுஸுக்குப் போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் கடையின் செலவுக் கணக்கில் எழுதப்படாமல் இருக்கும் ஒரு செலவு.